கூரோங் போகும் வழியில் கேட்ட கூழைக்கடா கதை

நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில். போன பள்ளி விடுமுறையில் கூரோங் என்ற கடலோர உப்பங்கழியைப் பார்க்கக் கிளம்பினோம். மகளுக்கு ஒன்பது வயது. கார் ஏறிப் பதினைந்தாவது நிமிடமே "எப்பம்மா வரும்?" ஆரம்பித்துவிடும். அதனால் நூலகச் செயலியில் காலின் தீல் எழுதிய 'ஸ்டார்ம் பாய்' ஒலிப்புத்தகத்தை இரவல் எடுத்து ஓடவிட்டேன். நூலக அட்டை இருந்தால் போதும், காசு கிடையாது.

1960களில் வந்த சின்னக் கதை. கூரோங் உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டுக் குடிசையில் அப்பாவோடு வாழும் பையன். மனிதர்கள் கூடுகளைக் குலைத்துவிட்டுப் போன இடத்திலிருந்து மூன்று கூழைக்கடாக் குஞ்சுகளை எடுத்து வந்து வளர்க்கிறான். அதில் அவனோடு ஒட்டிக்கொண்டது மிஸ்டர் பெர்சிவல்.

சுமார் 150 கி.மீ. தாண்டி மெனிங்கி ஊருக்குள் நுழையும்போது பெர்சிவல் சுடப்படும் கட்டம். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினேன். யாரும் இறங்கவில்லை. வாசிப்பவரின் குரல் தணிந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சு விட்டு விட்டு வந்தது. முன்பு அச்சில் படித்தபோது அந்தப் பக்கத்தை நான் வேகமாகக் கடந்திருந்தேன். காது அப்படிக் கடக்க விடுவதில்லை. மகள் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு வெளியே, தண்ணீர் ஓரத்தில், நிஜமான கூழைக்கடாக்கள் நான்கு நின்றுகொண்டிருந்தன. கதை முடிந்த பிறகுதான் இறங்கிப் போய்ப் பார்த்தோம். வெகுநேரம் பார்த்தோம்.

உங்களுக்கும் இப்படி ஒரு கதை இருந்தால் எழுதுங்கள்.

* * *

அக்கா, காது கடக்க விடாது என்றீர்களே, எனக்கு அது நார்மன் லிண்ட்சேயின் 'தி மேஜிக் புட்டிங்' கேட்டபோது புரிந்தது. 1918-இல் வந்த புத்தகம். வெட்ட வெட்டத் தீராத புட்டிங் ஒன்று, பெயர் ஆல்பர்ட். கை கால் உண்டு, ஓடும், சாப்பிடுகிறவர்களையே திட்டும். அத்தியாயங்களுக்குக்கூட முதல் துண்டு, இரண்டாம் துண்டு என்றுதான் பெயர்.

கதை நடுநடுவே பாட்டு வரும். படிக்கும்போது அதையெல்லாம் தாண்டிவிடுவேன். ஒலிப்புத்தகத்தில் வாசித்தவர் மாலுமிக் குரலில் ராகம் போட்டு இழுத்தார். நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருக்க, பையன் கரண்டியால் மேடையில் தாளம் தட்ட ஆரம்பித்துவிட்டான்.

ஒரே குறை, லிண்ட்சே தன் கையால் வரைந்த படங்கள் காதுக்கு வராது. ஆல்பர்ட்டின் அந்த முறைப்பைக் காட்டாமல் விட எனக்கு மனசில்லை. அப்புறம் நூலகத்திலிருந்து அச்சுப் பிரதியும் எடுத்து வந்தேன். இப்போது கதை ஓட ஓட, அந்த இடத்துக்கான படம் எது என்று பக்கம் பக்கமாகத் தேடுகிறான்.