ஒன்பது கஜத்துக்கு முன்னால் என்ன?

மொழிபெயர்ப்பு ஒன்றில் ஒரே ஒரு அடிக்குறிப்பால் மூன்று வாரமாக நிற்கிறேன். 'தி ஹோல் நைன் யார்ட்ஸ்' என்ற அமெரிக்க வழக்கு. ஒன்றுவிடாமல் முழுசும் என்று பொருள். சரி, அந்த ஒன்பது கஜம் எதை அளந்தது?

பார்த்தவரை சொல்கிறேன். இரண்டாம் உலகப்போர் விமானத் துப்பாக்கியின் குண்டுச் சரம் 27 அடி நீளம் என்பதுதான் எல்லோரும் சொல்லும் கதை. ஆனால் இண்டியானா மாநிலம் மிட்செல் ஊர்ப் பத்திரிகையில் 1907லேயே, ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி, 'ஃபுல் நைன் யார்ட்ஸ்' என்று இருக்கிறது. போர்க்கதை அங்கேயே அடிபட்டது. சிமென்ட் கலவை லாரி கொள்ளும் ஒன்பது கன கஜம் என்பார்கள். 1907ல் அந்த லாரி ஏது? அமெரிக்கக் கால்பந்திலிருந்து வந்தது என்பாரும் உண்டு; ஆனால் அதில் தாண்ட வேண்டியது பத்து கஜம், ஒன்பது இல்லை.

என்னைக் குழப்புவது வேறு. 1912ல் கென்டக்கியின் மவுண்ட் வெர்னன் சிக்னல் பத்திரிகையில் 'ஹோல் சிக்ஸ் யார்ட்ஸ்' என்று வருகிறது. 1921ல் தென் கரோலினாவிலும் அதே ஆறு கஜம். எண்ணே நிலையாக இல்லை என்றால், நிஜத்தில் எதையும் அளந்திருக்குமா என்றே சந்தேகம். (ஆறு, ஒன்பது என்றதும் எனக்குப் புடவையும் மடிசாரும்தான் ஞாபகம் வந்தன. அது வேறு கதை.)

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையப் பத்திரிகைக் காப்பகத்தில் ஐந்து முதல் பன்னிரண்டு வரை எல்லா எண்ணும் போட்டுத் தேடிவிட்டேன். பழைய எழுத்துகளைக் கணினி தப்பாகப் படிப்பதால் 'யார்ட்ஸ்' பாதி இடத்தில் 'கார்ட்ஸ்' ஆகிவிடுகிறது.

1907க்கு முந்தைய அச்சில், எந்த எண்ணோடாவது, இந்த வழக்கை யாராவது பார்த்திருக்கிறீர்களா?