புதுப்பிப்பு: சிக்னல் இல்லாத ஊருக்கான நோயாளர் பதிவுச் செயலி

வீடு வீடாகப் போய் பிபி, சுகர் பார்க்கும் தன்னார்வலர்களுக்காக நாங்கள் செய்யும் செயலி, சிக்னல் இல்லாத மலைக் கிராமங்களில் எப்படி ஓடும் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி, எல்லாப் பதிவும் முதலில் போனிலேயே சேமிக்கப்படுகிறது. நெட் கிடைத்ததும் தானாக சர்வருக்குப் போகிறது. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் டிஎச்ஐஎஸ்2 என்ற சுகாதாரத் தகவல் மென்பொருளின் ஆண்ட்ராய்டு செயலியிலும் இந்த வசதி உண்டு.

சிக்கலே அதற்குப் பிறகுதான். ஒரே அம்மாவை இரண்டு பேர் பார்த்து இரண்டு போனில் பதிந்தால் எந்த அளவு நிற்கும்? எதையும் அழிப்பதில்லை என்று முடிவெடுத்தோம். காலையில் 160/100, மாலையில் 140/90 என்றால் இரண்டுமே மருத்துவருக்குத் தெரிய வேண்டும். அளந்த நேரத்தையும் சர்வருக்கு வந்த நேரத்தையும் தனித்தனியே வைக்கிறோம்.

ஆபா எனப்படும் 14 இலக்க அரசு சுகாதார அடையாள எண்ணைக் கட்டாயமாக்கச் சொன்னவர்களுக்கு: மாட்டோம். எண் இல்லாததால் ஒருவருக்கு மாத்திரை தள்ளிப்போகக் கூடாது. இருந்தால் பதியலாம், அவ்வளவுதான்.

காகிதப் பதிவேடு இன்னும் போகவில்லை. கையெழுத்துக்கு அதைத்தான் கேட்கிறார்கள். வெயிலில் அலைந்துவிட்டு வரும் அக்காக்கள் ஒரே விவரத்தை இரண்டு முறை எழுதுவது அநியாயம். பதிவேட்டின் அதே கட்டங்களோடு செயலியே அச்சுப் பக்கம் தரும்படி இப்போது வேலை நடக்கிறது.