மரதனுக்கு இரண்டு வாரம்: பயிற்சியைக் குறைத்ததும் கால்கள் கனக்கின்றன

வணக்கம். முதன்முறையாக 42.195 கிலோமீற்றர் ஓடுவதற்கு இன்னும் 14 நாட்களே இருக்கையில், பயிற்சியைக் குறைத்த நான்காம் நாளிலிருந்து என் கால்கள் கனக்கின்றன. இரவில் உறக்கமும் பிடிப்பதில்லை.

வயது 41. யாழ்ப்பாணத்தில் வசிக்கிறேன், நான்கு மாதங்களாக விடியற்காலையில் பண்ணைப் பாலத்தில் ஓடுகிறேன். உச்ச வாரத்தில் 64 கிலோமீற்றர் ஓடினேன்; அதில் 32 கிலோமீற்றர் ஒரே ஓட்டம். சென்ற வாரம் வேகத்தைக் குறைக்காமல் தூரத்தை மட்டும் 40 ஆக்கினேன். நேற்று, வழமையாகப் பேசிக்கொண்டே கடக்கும் மூன்றாவது கிலோமீற்றரில், பாலத்துச் சுவரைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினேன். வீக்கமோ குத்தோ இல்லை. காலையில் எழுந்ததும் பார்க்கும் நாடித்துடிப்பும் மாறாமல் 54 தான்.

ஒரு நாள் முழு ஓய்வு எடுத்தேன், மாலைத் தேநீரை நிறுத்தினேன், நல்லெண்ணெய் தேய்த்து முழுகினேன்; பலனில்லை.

கணக்காய்வுப் பணியில் இருக்கிறேன். அறிக்கையை ஒப்படைப்பதற்கு முந்திய வாரத்தில் புதிய கோப்பு எதையும் ஏற்காமல், கையில் உள்ளதைச் சரிபார்ப்பதற்கே நேரத்தை ஒதுக்குவோம். அதனால் பிழைகள் குறைவதைக் கண்ணாரக் கண்டவன் நான். அங்கே உறுதியாக நம்பும் முறையைக் கால்கள் விடயத்தில் நம்ப முடியாமல் தவிக்கிறேன்.

மரதன் ஓடி அனுபவமுள்ளவர்களிடம் கேட்கிறேன்: இந்தக் கனத்தைப் பொருட்படுத்தாமல் இவ்வாரம் 28 கிலோமீற்றராகக் குறைக்கலாமா, அல்லது இன்னுமொரு நீண்ட ஓட்டம் ஓட வேண்டுமா?