யாம்ல் கோப்பில் 'அப்டேட்' என்று மாற்றியும் டேபிள்கள் அழிகின்றன

கொட்டியார்_தம்பி:
வணக்கம். திருகோணமலையில் உட்துறைமுகப் பக்கம் ஒரு மீனவர் சங்கத்துக்கு ஸ்பிரிங் பூட்டில் (ஜாவா கட்டமைப்பு) கணக்கு மென்பொருள் செய்து கொடுத்தேன். எந்தப் படகு எத்தனை கிலோ சூரை, எத்தனை கிலோ அறக்குளா இறக்கியது, அன்றைய விலை என்ன, யார் எவ்வளவு பாக்கி என்று எல்லாம் அதற்குள்தான். டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் 8, நடுவில் நிரலையும் டேபிள்களையும் இணைக்க ஹைபர்நேட். 19 நாள் நிறுத்தாமல் ஓடியது. முந்தாநாள் கரண்ட் போய் வந்தபின் பார்த்தால் டேபிள்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. தொடங்கும்போது டேபிள்களை என்ன செய்வதென்று ஹைபர்நேட்டுக்குச் சொல்லும் டிடிஎல்-ஆட்டோவில்தான் பிழை என்று, அமைப்புகள் இருக்கும் அப்ளிகேஷன்.யாம்ல் கோப்பில் 'அப்டேட்' என்று எழுதினேன், நாலு பதிவு போட்டு ரீஸ்டார்ட் செய்தேன், அதுவும் போய்விட்டது. கடனுக்குக் கொடுத்த மீன் கணக்கைச் சங்கம் கேட்கிறது, என்ன சொல்வதென்று தெரியவில்லை.

உப்புவெளி_அக்கா:
தம்பி, ரிசோர்சஸ் கோப்புறையில் அப்ளிகேஷன்.ப்ராப்பர்டீஸ் என்று இன்னொரு கோப்பு கிடக்கிறதா பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் ப்ராப்பர்டீஸில் உள்ளதுதான் செல்லும், யாம்லில் நீங்கள் எழுதியதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஜார் கோப்புக்கு (கட்டி முடித்த மென்பொருள்) பக்கத்தில் வெளியே ஒன்று இருந்தாலும் அது உள்ளே இருப்பதை மிஞ்சும். டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளைகளைக் காட்டும் ஷோ-எஸ்க்யூஎல்லை 'ட்ரூ' ஆக்கி உங்கள் சொந்த மெஷினில் ஓட்டுங்கள். தொடக்கத்திலேயே 'டிராப் டேபிள்' வந்தால் டேபிள்களை ஒவ்வொரு முறையும் அழித்துப் புதிதாக உருவாக்கும் 'கிரியேட்' இன்னும் எங்கோ இருக்கிறது.

நிலாவெளியான்:
அக்கா சொன்னது சரி, ஆனால் முதலில் அந்த 19 நாளை மீட்கப் பாருங்கள். யாரும் நிறுத்தி வைக்காவிட்டால் மைஎஸ்க்யூஎல் 8இல் பின்லாக் (டேட்டாபேஸில் நடந்த மாற்றங்களின் பதிவேடு) தானாகவே ஓடும், 30 நாளுக்கு வைத்திருக்கும். இனி அந்த மென்பொருளைத் தொடவே வேண்டாம், மைஎஸ்க்யூஎல்லை நிறுத்தி டேட்டா கோப்புறையை அப்படியே பிரதி எடுங்கள். அப்புறம் மைஎஸ்க்யூஎல்பின்லாக் கருவியால் திறந்து, கரண்ட் வந்த நேரத்தை ஒட்டி முதல் டிராப் எங்கே என்று தேடி, அதற்குச் சற்று முந்திய பொசிஷனோடு நிறுத்தி, வேறொரு மெஷினில் புதிதாகப் போட்ட மைஎஸ்க்யூஎல்லுக்குள் ஓட விடுங்கள்.

இன்னொன்று, சங்கத்தில் ஓடுவதற்கு 'அப்டேட்'டும் வேண்டாம். என்டிட்டியில் (டேபிளுக்கு ஈடான ஜாவா வகுப்பு) ஒரு பெயரை மாற்றினால் அது டேபிளில் புது நெடுவரிசை ஒன்றைச் சேர்த்துவிட்டுப் பழையதை அப்படியே விட்டுவிடும், திரையில் பாக்கி எல்லாம் காலியாகத் தெரியும், பயந்துபோவார்கள். டேபிள்கள் பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்க்கும் 'வேலிடேட்' போட்டு, டேபிள் மாற்றங்களை வரிசையாகச் செய்யும் ஃப்ளைவே கருவியிடம் கொடுங்கள்.

உப்புவெளி_அக்கா:
ஓம், ஆனால் டேபிள்கள் ஏற்கெனவே இருப்பதால் ஃப்ளைவே முதல் ஓட்டத்திலேயே மறுக்கும். இருப்பதையே தொடக்கமாக ஏற்கச் சொல்லும் பேஸ்லைன்-ஆன்-மைக்ரேட்டை 'ட்ரூ' ஆக்க மறக்காதீர்கள்.

கொட்டியார்_தம்பி:
அக்கா, ப்ராப்பர்டீஸ் கோப்பு இருந்தது. பழகிய நாளில் நானே எழுதிய 'கிரியேட்' வரி அதில் அப்படியே கிடந்தது, கோப்பையே அழித்துவிட்டேன். அண்ணா, பின்லாக்கும் இருந்தது! விடிய இரண்டு மணி வரை இருந்து எடுத்தேன். காலையில் சங்கத்துச் செயலாளரோடு துண்டுச் சீட்டுகளை வைத்து ஒவ்வொரு படகாகச் சரிபார்த்தோம், ஒரு கிலோகூடக் குறையவில்லை. இருவருக்கும் மிக்க நன்றி. ஃப்ளைவே இன்று இரவு போடுகிறேன்.