சேலத்திலிருந்து ஆந்திராவின் பேலம் குகை, கண்டிக்கோட்டை: 2 நாள் போதுமா?

அயோத்தியாப்பட்டணம் (கேட்பவர்): காரில் 4 பேர், அம்மாவுக்கு 64 வயது. சுண்ணாம்புக்கல் குகையும் ஆறும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்த வழி? எந்த மாதம்?

ஐந்து ரோடு: அனந்தபூர் வரை 44ஆம் தேசிய நெடுஞ்சாலையை விடவே வேண்டாம். அங்கிருந்து தாடிபத்ரி, பிறகு பேலம். மொத்தம் ஏறக்குறைய 500 கி.மீ. அதிகாலை 3 மணிக்குக் கிளம்பினால்தான் பெங்களூரு நெரிசலுக்கு முன் கடக்கலாம். நவம்பர் முதல் ஜனவரி வரை நல்லது. ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம்.

அடிவாரம்: அம்மா விஷயத்தில் கவனம். குகை 3,229 மீட்டர் நீளம். மக்களை விடுவது சுமார் ஒன்றரை கி.மீ.க்கு மட்டுமே. நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் குடைந்த பாதை என்பதால் சில இடங்களில் குனிந்துதான் போக வேண்டும். உள்ளே குளிராக இருக்கும் என்று நினைக்காதீர்கள், ஈரப்புழுக்கம் ஆளை நனைத்துவிடும். பருத்தி உடை, பிடிமானமுள்ள செருப்பு, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் அவசியம். பாதாள கங்கைதான் ஆழமான இடம், 46 மீட்டர். முட்டி வலி இருந்தால் அதற்கு முன்பே திரும்பிவிடுங்கள்.

ஐந்து ரோடு: கண்டிக்கோட்டை அங்கிருந்து 60 கி.மீ. அளவில், ஜம்மலமடுகு பக்கம். பெண்ணாறு அறுத்த பள்ளத்தாக்கு. விளிம்பில் தடுப்புக் கம்பி கிடையாது, வெயில் தாழ்ந்து போங்கள், இருட்டும் முன் திரும்புங்கள். இரவு அங்கேயே தங்கினால் 2 நாள் போதும்.

அடிவாரம்: ஒரு குறிப்பு: கண்டிக்கோட்டைப் பள்ளத்தாக்குப் பாறை சுண்ணாம்புக்கல் அல்ல, குவார்ட்சைட் என்ற கடினப் பாறை. ஏற்காடு இருக்கும் நம் சேர்வராயன் மலையும் சார்னோக்கைட் என்ற, நீரில் எளிதில் கரையாத பாறைதான். அதனால்தான் ஏற்காட்டில் பேலம் மாதிரிக் குகை உருவாகவில்லை.