உதவி தேவை: ஸ்கைலைனர் பெட்டிகள் நிலையத்துக்குள் மோதிக்கொள்கின்றன

தாமிரக்கம்பி (இரவு 8.40)
அவசரம், நாளை காலை ஒப்படைக்க வேண்டும். ஸ்கைலைனர் (ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டில் ஓடும் ரோப் கார்) வேகம் 11. பெட்டிகளுக்கு இடையே 45. நிலையத்துக்குள் 0.25. முதல் பெட்டி நுழைந்த சில விநாடிகளில் இரண்டாவது பெட்டி அதன்மேல் ஏறிவிடுகிறது. மூன்று நாள்களாகப் பார்த்துவிட்டேன், தவறு எங்கே என்று பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மழைக்குருவி (8.47)
ஐயோ, யாருக்காவது அடிபட்டதா? எந்த நிலையத்தில்? என் தங்கை குடும்பம் இந்த வாரம் ஆர்லாண்டோவில்தான் இருக்கிறது. ஸ்கைலைனரை 2019 செப்டம்பர் 29 அன்று திறந்தார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அக்டோபர் 5 இரவு அந்தரத்தில் நின்றுபோய் மக்கள் மூன்று மணி நேரத்துக்கும் மேல் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு அக்டோபர் 14 அன்றுதான் மறுபடி ஓட்டினார்கள். அந்த நினைவு எனக்கு இன்னும் போகவில்லை.

தாமிரக்கம்பி (8.51)
மன்னிக்கவும், விபத்து எதுவும் இல்லை. கல்லூரிச் செயல்திட்டம். கணினியில் பைதான் நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கிறேன்.

மழைக்குருவி (8.53)
தம்பி, அதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாமே. அதற்குள் தங்கைக்கு இரண்டு முறை போன் செய்துவிட்டேன்.

வெயிலூரான் (8.58)
ஃப்ளோரிடா வெயிலைக் கணக்கில் எடுத்தீர்களா? எஃகு வடம் சூட்டில் நீளும். நீண்டால் பெட்டிகளின் இடைவெளி மாறும். எனக்குத் தெரிந்து இதுதான் காரணம். வடத்தின் வெப்ப விரிவை நிரலில் சேர்த்துப் பாருங்கள்.

அளவுகோல் (9.02)
11 என்றால் என்ன 11? மைலா, கிலோமீட்டரா, மீட்டரா? மணிக்கா, விநாடிக்கா? 45 மீட்டரா, அடியா? பெட்டியின் நீளம் எவ்வளவு? எண்ணை மட்டும் மொட்டையாக வைத்தால் யார்தான் உதவ முடியும்?

இயந்திரநாதன் (9.10)
இந்தக் குழுவில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். வாரம் ஒரு மாணவர் இப்படித்தான் வருகிறார்: அலகு கிடையாது, வரைபடம் கிடையாது, நிரலும் கிடையாது, நாளை காலை கெடு மட்டும் இருக்கும். பிடி விடுபடும் வகை ரோப் கார் எப்படி இயங்குகிறது என்பதைப் படிக்காமல் நிரல் எழுத உட்கார்ந்தால் பெட்டி மோதத்தான் செய்யும். முதலில் அடிப்படையைப் படியுங்கள்.

செங்காந்தள் (9.16)
அடிப்படை தெரியாததால்தானே கேட்கிறார். தெரிந்தவர் சொல்லிக் கொடுக்கலாமே, ஐயா.

தாமிரக்கம்பி, உங்களுக்காக எழுதுகிறேன். பெட்டியின் தலையில் ஒரு பிடி இருக்கிறது. சுருள்வில்லின் அழுத்தத்தால் அது ஓடும் வடத்தைக் கவ்வியிருக்கும். நிலையத்துக்குள் நுழையும்போது ஒரு தண்டவாளம் பிடியின் நெம்புகோலை அழுத்திப் பிடியைத் திறக்கிறது. வடம் தன் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். பெட்டி அதிலிருந்து விடுபட்டு வரிசையாகச் சுழலும் டயர்களின் மேல் ஊர்ந்து மெதுவாகிறது. மக்கள் இறங்கி, வேறு மக்கள் ஏறிய பிறகு மறுபக்க டயர்கள் அதை முடுக்கி வடத்தின் வேகத்துக்குக் கொண்டுவருகின்றன, பிடி மீண்டும் கவ்வுகிறது. வடம் விநாடிக்கு 5 மீட்டர் ஓடும்போதும் ஒரு பாட்டி நிதானமாக ஏறி உட்கார முடிவது இதனால்தான். எனக்கு மிகவும் பிடித்த இயந்திர அமைப்பு இது. உங்கள் நிரலில் இந்த மெதுவாகும் பகுதி இருக்கிறதா? அதன் நீளம் என்ன?

தாமிரக்கம்பி (9.24)
இருக்கிறது. 12 மீட்டர். பெட்டி நீளம் 2. வேகம் 11 என்று எல்லாக் கட்டுரைகளிலும் போட்டிருக்கிறது.

அளவுகோல் (9.29)
மறுபடியும் அலகு இல்லை! கட்டுரைகளில் இருப்பது மணிக்கு 11 மைல். நீங்கள் நிரலில் விநாடிக்கு 11 மீட்டர் என்று போட்டிருக்கிறீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன்.

மணிக்கு 11 மைல் என்றால் மணிக்கு 17.7 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 4.92 மீட்டர். நீங்கள் ஓட்டுவது அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஹாங்காங்கின் நொங் பிங் ரோப் கார்கூட விநாடிக்கு 7 மீட்டருக்கு மேல் போவதில்லை.

மந்தமாகும் பாதையையும் பாருங்கள். விநாடிக்கு விநாடி 1 மீட்டர் வேகம் குறைகிறது என்று வைத்தால், 4.92இலிருந்து 0.25க்கு வர ஏறக்குறைய 12 மீட்டர் போதும். 11இலிருந்து வர 60 மீட்டர் வேண்டும். அதை 12 மீட்டருக்குள் திணித்தால் பெட்டிக்குள் இருப்பவர்கள் கண்ணாடியில் போய் அப்பிக்கொள்வார்கள்.

வெயிலூரான் (9.33)
அலகு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் வெப்ப விரிவை யாரும் கண்டுகொள்ளவில்லையே.

செங்காந்தள் (9.40)
கண்டுகொள்வோம். எஃகு 1 டிகிரி செல்சியஸுக்குத் தன் நீளத்தில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். 45 மீட்டர் இடைவெளி, 20 டிகிரி வித்தியாசம்: ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். இதனால் பெட்டி மோதாது. முழு வடமும் நீளும்போது ஏற்படும் தொய்வை இழுவிசை அமைப்பு எடுத்துக்கொள்கிறது.

வெயிலூரான் (9.44)
கணக்கு சரி. ஆனாலும் வெயிலை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். அந்தப் பெட்டிகளில் ஏசி கிடையாது. ஆகஸ்ட் மாத ஆர்லாண்டோவில் பத்துப் பேரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்து அனுப்புவது எப்படிச் சரியாகும்?

நாடோடி மன்றம் (9.52)
நான் அதில் போயிருக்கிறேன், எனக்குப் புழுக்கமே தெரியவில்லை. காற்றுத் துளைகள் இருக்கின்றன. சைக்கிளை வேகமாக மிதித்தால் முகத்தில் அடிக்கும் காற்று, மணிக்கு 17 கிலோமீட்டருக்கு அது போதாதா? அதே வளாகத்தில் 1971 முதல் 1999 வரை ஸ்கைவே என்ற பழைய ரோப் கார் ஓடியது. அதற்கும் ஏசி கிடையாது.

வெயிலூரான் (9.55)
அது திறந்த பெட்டி. இது மூடிய பெட்டி. இரண்டையும் ஒப்பிடாதீர்கள். ஓடும்போது காற்று வரும், நின்றுவிட்டால்? முதல் பதிலில் மழைக்குருவி சொன்ன அந்த மூன்று மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள்.

நாடோடி மன்றம் (9.58)
என்றோ ஒருநாள் நின்றதற்காகத் தினமும் ஏசி ஓட்ட வேண்டுமா? ஒவ்வொரு பெட்டிக்கும் மின்சாரம் எங்கிருந்து வரும்? மேலே ஓடுவது இழுக்கும் வடம், மின்கம்பி இல்லை.

வெயிலூரான் (10.01)
மின்கலம் வைக்கலாம். மனம் இருந்தால் வழி உண்டு.

நாடோடி மன்றம் (10.03)
மின்கலத்தின் எடையை யார் தூக்குவது? வடம்தானே? எடை கூடினால் கோபுரம், மோட்டார் எல்லாமே கூடும்.

மழைக்குருவி (10.06)
இரண்டு பேரும் தயவுசெய்து தனி இழை தொடங்குங்கள். அந்தப் பிள்ளைக்கு நாளை காலை கெடு.

தாமிரக்கம்பி (10.15)
ஆமாம், 11ஐ அப்படியே மீட்டராகப் போட்டுவிட்டேன். இப்போது 4.92 வைத்தேன். முதல் பெட்டியின் மேல் இரண்டாவது ஏறுவதில்லை, ஆனால் நடைமேடைக்குப் பக்கத்தில் வந்து இடிக்கிறது. வடத்தின் மேல் 45 மீட்டர் இடைவெளி இருக்கும்போது ஏன் இடிக்க வேண்டும்?

செங்காந்தள் (10.27)
இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. 45 மீட்டரை மறந்துவிடுங்கள். பெட்டிகளுக்கு நடுவே தூரம் மாறிக்கொண்டே இருக்கும், நேரம்தான் மாறாது.

நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். வேகமாக வரும்போது கார்கள் விலகி விலகி வரும். சாவடியில் ஊரும்போது ஒன்றன் வாலை ஒன்று முட்டுவதுபோல் நிற்கும். ஆனால் ஒரு கார் கடந்து அடுத்த கார் கடக்கும் விநாடிகள் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

உங்கள் எண்களில் பார்ப்போம். 45ஐ 4.92ஆல் வகுத்தால் 9.15 விநாடி. ஒவ்வொரு 9.15 விநாடிக்கும் ஒரு பெட்டி உள்ளே வருகிறது. நிலையத்தில் விநாடிக்கு 0.25 மீட்டர் ஊர்கிறது என்றால், அந்த நேரத்தில் முன்பெட்டி போயிருக்கும் தூரம் 2.29 மீட்டர். பெட்டியின் நீளம் 2 மீட்டர். மிச்சம் இருப்பது 29 சென்டிமீட்டர்தான், ஒரு சாண் அளவை விடக் கொஞ்சம் அதிகம். அவ்வளவு நெருக்கத்தில் சிறு தவறு இருந்தாலும் இடிக்கும். நடைமேடையில் பெட்டி எதற்காகவாவது நிற்கிறதா?

(பொலிவியாவின் லா பாஸ் நகரில் 12 விநாடிக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குப் பத்துப் பேர், மணிக்கு 3,000 பேர். வகுத்துப் பாருங்கள், அழகாக ஒத்துவரும். அங்கேயும் எல்லோரும் பேசுவது விநாடியைத்தான்.)

தாமிரக்கம்பி (10.34)
நிற்கிறது. ஒவ்வொரு பெட்டியும் 5 விநாடி. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்காக ஸ்கைலைனரில் பெட்டி முழுவதுமாக நிற்கும் என்று படித்தேன். அதனால் சேர்த்தேன். சொல்ல மறந்துவிட்டேன்.

அளவுகோல் (10.36)
அதையா மறந்தீர்கள்!

செங்காந்தள் (10.45)
பிடிபட்டது. பின்பெட்டி ஒன்றேகால் விநாடிக்குள் அந்த 29 சென்டிமீட்டரைக் கடந்துவிடும். நீங்கள் 5 விநாடி நிறுத்துகிறீர்கள். இடிக்காமல் என்ன செய்யும்?

நீங்கள் படித்தது உண்மைதான், ஆனால் அது முதன்மைத் தடத்தில் நடப்பதில்லை. சில நிலையங்களில் பக்கத்திலேயே தனிச் சுற்றுத்தடம் இருக்கிறது. ஒரு பெட்டி அதற்குள் பிரிந்து, அங்கே முழுவதுமாக நின்று, நாற்காலியில் வருபவர் அவசரமில்லாமல் ஏறிய பிறகு மறுபடி வரிசையில் சேர்கிறது. முதன்மை வரிசை அதற்காக நிற்பதில்லை. ஒருவருக்காக எல்லோரும் காத்திருக்க வேண்டியதில்லை, எல்லோருக்காக அவரும் ஓட வேண்டியதில்லை. இதை யோசித்துச் செய்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆகவே முதன்மைத் தடத்திலிருந்து நிறுத்தத்தை எடுத்துவிடுங்கள். ஊரும் வேகத்தை 0.3 ஆக்கினால் இடைவெளி 2.74 மீட்டர் ஆகிவிடும், மூச்சு விட இடம் கிடைக்கும்.

இயந்திரநாதன் (10.58)
ஒன்று சேர்க்கிறேன். வடத்தின் வேகத்தையும் நிலைய வேகத்தையும் நிரலில் தனித்தனி எண்களாக வைக்காதீர்கள். இந்த வகை நிலையங்களில் பெரும்பாலும் டயர்கள் வடத்தின் ஓட்டத்திலிருந்தே சுழற்சியைப் பெறுகின்றன. வடம் பாதி வேகத்தில் ஓடினால் டயரும் பாதி வேகத்தில் ஓடும். அதனால் இயக்குநர் வேகத்தைக் குறைக்கும்போது பெட்டிகளின் இடைவெளி கெடுவதில்லை, எல்லாமே ஒன்றாக மெதுவாகின்றன. ஒன்றை மட்டும் மாற்றினால் உங்கள் நிரல் மறுபடி இடிக்கும். நிலைய வேகத்தை வடத்தின் வேகத்தில் ஒரு பங்காக எழுதுங்கள்.

முதலில் சற்றுக் கடுமையாகப் பேசிவிட்டேன். கேள்வி நல்ல கேள்வி.

செங்காந்தள் (11.02)
இது எனக்குத் தோன்றவில்லை. நன்றி ஐயா.

வெயிலூரான் (11.05)
மின்கலத்தின் எடை பற்றி ஒரு கணக்கு போட்டிருக்கிறேன், நாளை தனி இழையில் இடுகிறேன். நாடோடி மன்றம் அவசியம் வர வேண்டும்.

தாமிரக்கம்பி (நள்ளிரவு 12.20)
நிறுத்தத்தை எடுத்தேன், 0.3 வைத்தேன், பங்காகவும் எழுதிவிட்டேன். 200 பெட்டி விட்டும் மோதவில்லை. எல்லோருக்கும் நன்றி. படுக்கப் போகிறேன்.

அளவுகோல் (12.24)
0.3 என்ன அலகு?

செங்காந்தள் (மறுநாள் காலை 7.10)
தம்பி, தனிச் சுற்றுத்தடத்திலிருந்து வரும் பெட்டி எந்த இடைவெளியில் வரிசைக்குள் நுழையும் என்று எழுதினீர்களா? அதற்கு ஒரு காலி இடம் வேண்டும். தேர்வாளர் அதைத்தான் கேட்பார் என்று நினைக்கிறேன். கிளம்புவதற்கு முன் பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள்.