எஸ்ஓநேம் இல்லாத டேட்டாபேஸ் லைப்ரரியை டெபியனுக்கு எப்படிப் பேக்கேஜ் செய்வது?

நெய்தல்:
வணக்கம். சி மொழியில் எழுதிய சின்ன கீ-வேல்யூ டேட்டாபேஸ் லைப்ரரி ஒன்றை டெபியன் லினக்ஸுக்குப் பேக்கேஜ் செய்கிறேன். நான் பராமரிக்கும் இன்னொரு நிரலுக்கு அது வேண்டும். அப்ஸ்ட்ரீம் (லைப்ரரியை எழுதுபவர்கள்) தரும் மேக்ஃபைலில் எஸ்ஓநேமே (லைப்ரரிக்குள் பதியும் பெயரும் பதிப்பு எண்ணும்) கிடையாது. பேசாமல் அந்த கோடை என் நிரலுக்குள்ளேயே வைத்து பில்ட் செய்துவிடலாமா?

வேர்க்கால்:
வேண்டாம். நாளைக்கு அதில் பாதுகாப்பு ஓட்டை வந்தால், எந்தெந்த நிரலுக்குள் அது ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். நிரல் ஓடத் தேவையான ரன்டைம் பேக்கேஜ் தனி, பில்ட் செய்யத் தேவையான டெவ் பேக்கேஜ் தனி என்று பிரியுங்கள். எல்எம்டிபி என்ற டேட்டாபேஸ் லைப்ரரியும் எஸ்ஓநேம் இல்லாமல்தான் இருந்தது. டெபியன் பேட்ச் போட்டு எஸ்ஓநேம் கொடுத்தது, அதனால்தான் பேக்கேஜின் பெயர் லிப்எல்எம்டிபி0. ஆனால் எண்ணை முதலில் அப்ஸ்ட்ரீமிடம் பேசி முடிவு செய்யுங்கள். அதே எண்ணை அவர்கள் பிற்பாடு வேறு ஏபிஐக்கு (ABI, பில்ட் செய்த நிரல் லைப்ரரியோடு பேசும் இடைமுகம்) வைத்தால் சிக்கல். லைப்ரரி வெளியே தரும் ஃபங்ஷன் பெயர்களைப் பட்டியலிடும் சிம்பல்ஸ் கோப்பும் எழுதிவிடுங்கள்.

பழையபதிவு:
வேர்க்கால் சொன்னது சரி. ஆனால் டேட்டாபேஸ் லைப்ரரிக்கு அது பாதிதான். எஸ்ஓநேம் காப்பது ஏபிஐயை மட்டும். பயனரின் வட்டில் கிடக்கும் கோப்பைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. ஒரு சிம்பல்கூட மாறாமல் கோப்பின் வடிவம் மட்டும் மாறலாம். அப்போது டெபியனின் பேக்கேஜ் நிறுவும் கருவியான டிபிகேஜி சத்தமே இல்லாமல் அப்கிரேட் செய்துவிடும். பயனரின் தரவு திறக்காது. எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான்.

பெர்க்லி டிபி என்ற டேட்டாபேஸ் லைப்ரரியைப் பாருங்கள். லாக் (மாற்றங்களைப் பதியும் கோப்பு) வடிவம் மாறும் பதிப்புக்குப் போகும்முன் பழைய பதிப்பின் ரெகவரி கருவியை ஓட்டியாக வேண்டும். பழைய கருவியை நீக்கிய பிறகு இது நினைவுக்கு வந்து பயனில்லை. அப்புறம் 2013-ல் 6.0 வந்தபோது உரிமமும் கட்டுப்பாடு அதிகமான ஏஜிபிஎல் ஆனது, அதனால் டெபியன் 5.3-லேயே நின்றுவிட்டது. ஃபெடோரா 33-ல் அதன் பேக்கேஜ் கருவியான ஆர்பிஎம் தன் டேட்டாபேஸை பெர்க்லி டிபியிலிருந்து எஸ்க்யூலைட்டுக்கு மாற்றியது. அப்போதும் பழைய கோப்பைப் படிக்க மட்டும் ஒரு பேக்எண்டை ஆர்பிஎம் தானே எழுதி வைத்துக்கொண்டது. பழைய தரவை மதிப்பது என்றால் அதுதான்.

பில்ட் தேர்வுகளையும் விளையாட்டாக மாற்றாதீர்கள். எஸ்க்யூலைட்டில் column metadata (நெடுவரிசை விவரம்) தேர்வை எடுத்துவிட்டால் சில ஃபங்ஷன்களே காணாமல் போகும். பதிப்பு எண் அப்படியே இருக்கும்.

நெய்தல்:
கோப்பின் தலைப்பில் வடிவ எண் இருக்கிறது, பார்த்தேன். ஆனால் மாறினால் என்ன செய்வது என்று ஆவணத்தில் ஒன்றுமில்லை.

பழையபதிவு:
எண் இருப்பதே பெரிய விஷயம். இப்போதைய பதிப்பில் ஒரு சின்ன டேட்டாபேஸை உருவாக்கி சோர்ஸ் பேக்கேஜில் வையுங்கள். ஒவ்வொரு புதிய பதிப்பும் அதைத் திறந்து படிக்கிறதா என்று ஆட்டோபேக்கேஜ்டெஸ்டில் (டெபியனின் தானியங்கிச் சோதனை) சோதியுங்கள். சாதாரண பிசியான ஏஎம்டி64-ல் உருவாக்கிய கோப்பு ஐபிஎம் மெயின்ஃப்ரேமான எஸ்390எக்ஸில் திறக்காமல் போகலாம், அங்கே பைட் வரிசையே வேறு. எனவே அந்தச் சோதனையை ஆர்க்கிடெக்சர் பார்த்து ஓட்டுங்கள்.

வேர்க்கால்:
சோதனையை அப்ஸ்ட்ரீமுக்கும் அனுப்புங்கள். எஸ்ஓநேம் பேட்சோடு சேர்த்தே அனுப்பலாம்.